சிக்னலுக்கு அறிவு வந்தால் நெரிசல் தீருமா?

கணினி அறிவியலில் முதுகலை முடிக்கப்போவதாகவும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு போக்குவரத்து சிக்னல்களை இயக்குவதை ஆய்வுத் தலைப்பாக எடுக்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறீர்கள்: "காத்திருக்கும் நேரம் 40 விழுக்காடு குறைந்தது என்று படிக்கிறேன். அவ்வளவு நல்ல தொழில்நுட்பம் கையில் இருந்தும் உலகத்தில் ஏன் இன்னும் இவ்வளவு நெரிசல்?" நான் புரிந்துகொண்டபடி உங்கள் உண்மையான கேள்வி இதுதான்: நெரிசல் சிக்னலுக்கு அறிவு போதாமல் வருகிறதா, சாலை போதாமல் வருகிறதா? இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவருக்குச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? சிக்னல்களுக்கு நேரம் அமைக்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அங்கே நின்று பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்பது என் வேலையில் வராதது, அதைத் தொடப்போவதில்லை.

முதலில், யாரும் மறுக்க முடியாத ஒரு கணக்கு. பச்சை விழுந்ததும் வரிசையில் நிற்கும் வண்டிகள் எப்படிக் கிளம்புகின்றன என்று ஸ்டாப்வாட்ச்சோடு நின்று பாருங்கள். முதல் மூன்று நான்கு கார்கள் தயங்கித் தயங்கிக் கிளம்பும். ஐந்தாவது காரிலிருந்து ஒரு தாளம் பிடித்துவிடும். ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும். அப்படியென்றால் ஒரு தடத்தில் ஒரு மணி நேரம் முழுக்கப் பச்சையே எரிந்தாலும் போகக்கூடியது 1800 கார். நல்ல அகலமான சமதளச் சாலையில் 1900. தொழிலில் இதை சாச்சுரேஷன் ஃப்ளோ என்போம். அப்புறம், பச்சை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும்போதெல்லாம் நான்கைந்து வினாடி வீணாகிறது. கிளம்பும் தயக்கம், மஞ்சளின் கடைசிப் பகுதி, நான்கு பக்கமும் சிவப்பாக இருக்கும் அந்த ஓரிரு வினாடி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை என்பதால் அதில் கை வைக்க முடியாது.

இப்போது இரண்டு சாலைகள் குறுக்கிடும் ஒரு எளிய சந்திப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சாலையிலும் அதிகம் நிரம்பும் ஒரு தடத்தை மட்டும் கணக்கில் வைப்போம். சைக்கிள் டைம், அதாவது எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று மறுபடி முதல் பக்கத்துக்கு வர ஆகும் நேரம், 90 வினாடி. இரண்டு மாற்றத்துக்கும் சேர்த்து 10 வினாடி போனால் மிச்சம் 80 வினாடி, அதாவது 40 கார். மணிக்கு 40 சுற்று, மொத்தம் 1600 கார். சரி, சைக்கிளை இரட்டிப்பாக்கி 180 வினாடி ஆக்குவோம். 170 வினாடி மிஞ்சும், 85 கார், மணிக்கு 20 சுற்று, மொத்தம் 1700. எல்லோரையும் இரண்டு மடங்கு காக்க வைத்து நமக்குக் கூடுதலாகக் கிடைத்தது 100 கார்தான். எவ்வளவு நீட்டினாலும் 1800ஐத் தாண்ட வழியில்லை. அந்த இரண்டு தடங்களுக்கும் சேர்த்து மணிக்கு 1900 கார் வருகிறது என்றால், உள்ளே என்ன மூளை உட்கார்ந்திருந்தாலும் வரிசை நீண்டுகொண்டேதான் போகும்.

இதை ஒழுங்கான சூத்திரமாகக் கொடுத்தவர் பிரிட்டனின் சாலை ஆய்வுக் கூடத்தில் இருந்த வெப்ஸ்டர். 1958இல் வெளியான அவருடைய அறிக்கை இன்றும் சிக்னல் பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வீணாகும் வினாடிகளை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். சந்திப்பின் கொள்ளளவில் இன்னும் நிரம்பாமல் மிச்சம் இருக்கும் பங்கால் அதை வகுங்கள். காத்திருப்பைக் குறைக்கும் சைக்கிள் டைம் கிடைத்துவிடும். நம் எடுத்துக்காட்டில் சந்திப்பு 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் விடை 100 வினாடி. 90 விழுக்காடு என்றால் 200. 95 என்றால் 400. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சைக்கிள் வைத்தால் யாராவது பொறுமையாக நிற்பார்களா? சூத்திரம் அங்கே கையை விரித்துவிடுகிறது. 80 விழுக்காட்டில் இருக்கும் சந்திப்பில் புத்திசாலித்தனத்துக்கு நிறைய வேலை உண்டு. 95இல் இருக்கும் சந்திப்பில் கொஞ்சம்தான் உண்டு. 105இல் இருப்பதைச் சிக்னலால் காப்பாற்ற முடியாது. வரிசை எங்கே நிற்கட்டும், எந்தச் சந்திப்பை அது அடைக்காமல் இருக்கட்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். (அதுவும் சின்ன விஷயம் இல்லை. வரிசை பின்னால் வளர்ந்து முந்தைய சந்திப்பை அடைத்தால், அங்கே குறுக்கே போகிறவர்களும் சும்மா நிற்க வேண்டியதாகிவிடும்.)

சரி, அந்த 40 விழுக்காடு? அது பெரும்பாலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கணக்காக இருக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் சர்ட்ராக் என்ற அமைப்பை 2012இல் அங்கே ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியில் ஒன்பது சந்திப்புகளில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு சந்திப்பும் தன்னை நோக்கி வரும் வண்டிக் கூட்டங்களைப் பார்த்துத் தனக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளும். 'இத்தனை வண்டி உன் பக்கம் அனுப்புகிறேன்' என்று அடுத்த சந்திப்புக்கும் சொல்லும். பயண நேரம் சுமார் 25 விழுக்காடும், நின்று காத்திருக்கும் நேரம் சுமார் 40 விழுக்காடும் குறைந்ததாக அறிவித்தார்கள். அந்த முடிவை நான் சந்தேகிக்கவில்லை, நல்ல வேலை அது. ஆனால் இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததும் எதோடு ஒப்பிட்டது என்று கேட்கிற பழக்கம் உங்களுக்கு வர வேண்டும். அங்கே ஒப்பீடு, நாளின் வேளைக்கு ஏற்ப முன்கூட்டியே போட்டுவைத்த நேர அட்டவணையோடு. எந்த ஊரிலும் இத்தகைய அட்டவணை போட்ட நாளிலிருந்தே பழசாக ஆரம்பிக்கும். புதிய பள்ளி வரும், பேருந்துத் தடம் மாறும், வண்டிகளின் வேளை மாறும், அட்டவணை அப்படியே கிடக்கும். ஆக, புதிய அமைப்பு வைத்ததும் கிடைக்கும் ஆதாயத்தில் இரண்டு பங்கு கலந்திருக்கும். ஒன்று, பழைய நேரத்தைத் தூக்கிப்போட்டதால் வந்தது. இன்னொன்று, நொடிக்கு நொடி யோசித்ததால் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறவர்கள் மிகக் குறைவு. முதல் பங்கை ஒரு பொறியாளர், ஸ்டாப்வாட்ச், இரண்டு வாரக் கணக்கெடுப்பு என்று எளிதாகவே வாங்கிவிடலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வண்டியைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் சிக்னல் நேற்று வந்ததில்லை. சிட்னியில் உருவான ஸ்காட்ஸ், பிரிட்டனில் உருவான ஸ்கூட் இரண்டுமே 1970களில் பிறந்தவை. இன்றும் பல நாடுகளில் ஓடுகின்றன. உங்கள் முறை வெல்ல வேண்டியது, மாறவே மாறாத ஒரு அட்டவணையை மட்டும் என்றால் அது ரொம்பச் சுலபமான போட்டி. வண்டி வருவதை உணர்ந்து பச்சையை நீட்டவோ குறைக்கவோ செய்யும், நன்றாக அமைத்த ஒரு வாகன உணர்வு சிக்னலை வெல்லுங்கள். அதற்கு மேல், 2013இல் வரையா எழுதிய மேக்ஸ் பிரஷர் முறையை வெல்லுங்கள். அது எளிமையான யோசனை. ஒவ்வொரு ஃபேஸுக்கும் (ஒரே நேரத்தில் பச்சை பெறும் பக்கங்களுக்கு ஃபேஸ் என்று பெயர்) பின்னால் நிற்கும் வரிசையிலிருந்து முன்னால் இருக்கும் வரிசையைக் கழி, எந்த ஃபேஸுக்கு வித்தியாசம் அதிகமோ அதற்குப் பச்சை கொடு. முன்னால் இடமில்லாத பக்கத்துக்குப் பச்சையை வீணாக்காது. நான்கைந்து வரி நிரலில் முடிந்துவிடும் இதைப் பல நாள் பயிற்சி கொடுத்த நரம்பு வலைப்பின்னல் தெளிவாக மிஞ்சவில்லை என்றால், அந்தப் பயிற்சிக்கு என்ன அவசியம் என்று உங்கள் கட்டுரையைப் பரிசீலிக்கும் நடுவர் கேட்பார். கேட்க வேண்டும்.

சிமுலேஷன் பற்றி ஒரு எச்சரிக்கை, இது உங்களுக்கு உடனடியாகப் பயன்படும். நீங்கள் பெரும்பாலும் சுமோ என்ற போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருளில்தான் ஆரம்பிப்பீர்கள். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கும் அருமையான கருவி. அதில் ஒரு ஏற்பாடு உண்டு: ஒரு வண்டி 300 வினாடி அசையாமல் முட்டி நின்றால், அதை அங்கிருந்து எடுத்து வழியில் முன்னால் எங்காவது இடம் இருக்கும் இடத்தில் வைத்துவிடும். டெலிபோர்ட் என்று பெயர். நீங்கள் மாற்றாதவரை அந்த 300 அப்படியேதான் இருக்கும். சிமுலேஷன் முழுக்க இறுகிப்போய் நின்றுவிடாமல் இருக்க இது வேண்டியதுதான். ஆனால் கற்றுக்கொள்ளும் நிரலுக்கு இது ஒரு ஓட்டை. பக்கச் சாலைக்குப் பச்சையே கொடுக்காமல் விட்டாலும் ஐந்து நிமிடத்தில் அங்கே நிற்பவர்கள் மாயமாகிவிடுவார்கள்; நிரல் அதையே சாமர்த்தியம் என்று கற்றுக்கொள்ளும். உங்கள் முடிவுகளோடு எத்தனை வண்டி டெலிபோர்ட் ஆனது என்ற எண்ணையும் கொடுங்கள். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் மற்ற எண்களை நம்பாதீர்கள். இன்னொன்று, குறைந்தபட்சப் பச்சை, மஞ்சள், நடந்து கடப்பவர்களுக்கான நேரம் ஆகியவற்றை விட்டுவிட்டு ஐந்து வினாடிக்கு ஒரு முறை ஃபேஸ் மாற்றும் முறைகளைப் பார்க்கிறேன். 14 மீட்டர் அகலச் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 12 வினாடி ஆகும், வயதானவருக்கு இன்னும் கூட. கடப்பவரை மறந்துவிட்டுச் சேமித்த வினாடியைத் தெருவில் யாருக்கும் கொடுக்க முடியாது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். நெரிசல் ஆய்வில் பெரிய ஓட்டை கணிப்பு முறையில் இருப்பதைவிட அளவெடுப்பதில் இருக்கிறது. சாலைக்குள் பதித்த லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தாரை ரம்பத்தால் கீறி அந்தப் பள்ளத்துக்குள் மூன்று நான்கு சுற்று கம்பியை வைத்து மூடுவார்கள். அதில் மாறுமின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே உலோகம் வந்தால் சுருளின் மின்தூண்டல் குறையும், அதிர்வெண் கூடும். அதைப் பார்த்து 'வண்டி இருக்கிறது' என்று கன்ட்ரோலர், அதாவது சந்திப்பின் ஓரத்துப் பெட்டிக்குள் இருந்து விளக்குகளை இயக்கும் கருவி, முடிவு செய்யும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கே போகிறார்கள், வரிசை எவ்வளவு நீளம் எதுவும் தெரியாது.

ஒரு தடவை ஒரு சந்திப்புக்குத் தன்னியக்க அமைப்பு வேண்டும், பிரதான சாலையில் காலையில் தாங்க முடியாத நெரிசல் என்று கூப்பிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையின் திரையில் அந்தச் சந்திப்பு எந்தக் கோளாறும் இல்லாமல் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. நான் காலை ஏழு மணிக்குப் போய் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, பக்கச் சாலையின் ஒவ்வொரு பச்சையிலும் எத்தனை வண்டி போகிறது என்று குறித்தேன். மூன்று. ஒன்று. இரண்டு. ஒன்றுமில்லை. ஒரு மிதிவண்டி. மறுபடி ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பச்சை மட்டும் தவறாமல் 35 வினாடி எரிந்தது. எதிரே பிரதான சாலையில் வரிசை வளைவைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பக்கச் சாலை லூப்பின் விளக்கு அணையவே இல்லை. யாரோ குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது கம்பி அறுந்திருக்கிறது. லூப் அறுந்தால் 'வண்டி நிற்கிறது' என்றே கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நிற்பவருக்குப் பச்சையே விழாது. அதனால் இல்லாத வண்டிகளுக்கு நான்கு மாதமாக உச்சபட்சப் பச்சையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே இரவில் புது லூப் போட்டார்கள், மறுநாள் காலையில் வளைவுக்கு இந்தப் பக்கமே வரிசை முடிந்துவிட்டது. அந்த அறுந்த கம்பியின் மேல் எந்தக் கற்றல் முறையைக் கொண்டுபோய் வைத்திருந்தாலும் அது காலிச் சாலைக்குத்தான் பச்சை கொடுக்கக் கற்றிருக்கும்.

லூப் நன்றாக வேலை செய்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிறுத்தக் கோட்டருகே இருக்கும் உணரி எண்ணுவது கடந்து போனவர்களை மட்டும்தான். கடக்க நினைத்து இன்னும் பின்னால் நிற்பவர்களை அது எண்ணுவதில்லை. பச்சை எவ்வளவு கொடுத்தோமோ அவ்வளவுதான் எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கையை 'தேவை' என்று எடுத்துக்கொண்டு பச்சையைப் பங்கிட்டால், குறைவாகக் கொடுத்த பக்கத்துக்குத் தேவை குறைவு என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். 1930களில் அமெரிக்காவின் ஓஹையோவில் கேமராவால் வண்டிகளைப் படமெடுத்து கிரீன்ஷீல்ட்ஸ் காட்டியதும் இதோடு சேர்ந்ததுதான்: சாலை கிட்டத்தட்டக் காலியாக இருந்தாலும், இறுக அடைத்திருந்தாலும், ஒரு புள்ளியைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து எந்த நிலை என்று சொல்ல முடியாது. கேமரா வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. ஆனால் தடக்கோடுகளைப் பொருட்படுத்தாமல் இருசக்கர வண்டிகள் இடைவெளிகளில் புகுந்து நிற்கும் சாலைகளில், ஒரு பேருந்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும் பத்துப் பேரைக் கேமராவும் தவறவிடும். வரிசையின் உண்மையான நீளத்தைக் குறைந்த உணரிகளைக் கொண்டு மதிப்பிடுவது இன்னும் தீராத, கவர்ச்சியில்லாத, மிகவும் தேவையான ஆய்வு.

நெரிசல் முன்கணிப்புப் பக்கம் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே கூட்டம் அதிகம். லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலைகளின் 207 உணரிகளிலிருந்து 2012இல் நான்கு மாதம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த வேகப் பதிவுகளை வைத்தே ஏராளமான கட்டுரைகள் வந்துவிட்டன. அந்தத் தொகுப்பில் பூஜ்யம் என்று வரும் இடங்கள் பதிவு இல்லாதவை. வண்டி நின்றது என்று அர்த்தமில்லை. அதை நீக்காமல் கணக்குப் போட்டால் எல்லாமே தவறிவிடும். அதைவிடப் பெரிய குறை, சராசரிப் பிழையை வைத்து முறைகளைத் தரம் பிரிப்பது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை எப்படி இருக்கும் என்பதைப் போன நான்கு செவ்வாய்க்கிழமைகளின் சராசரியே ஓரளவு சொல்லிவிடும். போக்குவரத்தை நடத்துகிறவருக்கு உதவி தேவைப்படுவது விபத்து நடந்த நாளில், திடீர் மழையில், விழா முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில். அந்த மணி நேரங்களை மட்டும் தனியாகப் பிரித்து உங்கள் பிழையைச் சொல்லுங்கள். எனக்கு அதைப் படிக்க ஆவலாக இருக்கும்.

சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில் கதை வேறு. 2008இல் வெளியான ஜப்பானியச் சோதனை ஒன்றில் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டத்தில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, சாலை குறுகவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் அலை உண்டாகி, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்தது. 1955இல் லைட்ஹில், விதம் இருவரும் வண்டிகளின் ஓட்டத்தை நீரோட்டம் போலக் கணக்கிட்டதிலிருந்து இந்த அலைகளைப் பற்றிய அறிவு வளர்ந்துவருகிறது, இந்தப் பகுதி உறுதியானது. ஒரு வண்டியை மட்டும் கணினியால் பதமாக ஓட்டி இதே மாதிரி வட்டத்தில் அலையைத் தணிக்கலாம் என்று பின்னால் அரிசோனாவில் காட்டினார்கள். 2022 நவம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் அருகே ஐ-24 நெடுஞ்சாலையில் 100 வண்டிகளை வைத்தும் முயன்றார்கள். ஒற்றைத் தட வட்டத்தில் கிடைத்த தெளிவு, பக்கத்துத் தடத்திலிருந்து இடைவெளிக்குள் புகுந்துவிடக்கூடிய சாலையில் எவ்வளவு நிற்கும் என்பதை இன்னும் திறந்த கேள்வியாகவே நான் பார்க்கிறேன்.

நெடுஞ்சாலையில் உறுதியாகப் பலன் தருவது, நுழைவுச் சரிவில் சிக்னல் வைத்து வண்டிகளை ஒன்றிரண்டாக உள்ளே விடுவது. நெரிசல் ஒருமுறை இறுகிவிட்டால் அந்த இடத்திலிருந்து வெளியேறும் வண்டிகளின் எண்ணிக்கையே சில விழுக்காடு குறைந்துவிடும். இறுகாமல் தடுத்தால் அந்த இழப்பு மிச்சம். இதற்கு ஒரு அபூர்வமான சான்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில், இந்தச் சிக்னல்கள் வீண் என்று எதிர்ப்புக் கிளம்பி, 2000இல் சுமார் 430 சிக்னல்களையும் சில வாரங்கள் அணைத்துவைத்துப் பார்த்தார்கள். நெடுஞ்சாலையில் போன வண்டிகள் 9 விழுக்காடு குறைந்தன, பயண நேரம் 22 விழுக்காடு கூடியது, விபத்துகள் 26 விழுக்காடு கூடின. அப்படியும் பழையபடியே திரும்ப ஏற்றிவிடவில்லை. சரிவில் நான்கு நிமிடத்துக்கு மேல் யாரையும் காக்க வைக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மொத்தப் பயண நேரம் குறைந்தாலும், சரிவில் நின்று தவித்தவர் வேறு, வேகமாகப் போனவர் வேறு. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நாம் செய்யும் மாற்றத்துக்கு மனிதர்கள் காட்டும் எதிர்வினைதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. ஆளுக்கு ஆள் தனக்குக் குறுகிய வழியைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் சமநிலை ஒன்று, எல்லோருக்கும் சேர்த்து நல்லது வேறொன்று என்று 1952இலேயே வார்ட்ராப் பிரித்துக் காட்டினார். 1968இல் பிரேஸ், புதிதாக ஒரு சாலையைச் சேர்த்தால் எல்லோருடைய பயண நேரமும் கூடக்கூடும் என்று கணக்கில் நிறுவினார். கணக்கு அசைக்க முடியாதது. ஆனால் இதற்கு உதாரணமாக தென் கொரியாவின் சோல் நகரத்தில் சொங்கெச்சொன் மேம்பாலச் சாலையை 2003க்கும் 2005க்கும் இடையில் அகற்றி ஓடையை மீட்டதைச் சொல்வார்கள். அதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2004இல்தான் அந்த நகரம் தன் பேருந்து அமைப்பையே மாற்றி அமைத்தது. இரண்டும் சேர்ந்து நடந்த இடத்தில் ஒன்றுக்கு மட்டும் பெருமை கொடுப்பது சரியில்லை.

ஸ்டாக்ஹோம் இதைவிடச் சுத்தமான சான்று. 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை நகர மையத்துக்குள் போக வர நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் வைத்துப் பரிசோதித்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 விழுக்காடு குறைந்தன. பரிசோதனை முடிந்ததும் எண்ணிக்கை பெரும்பாலும் பழைய நிலைக்கே ஏறியது, 2007இல் நிரந்தரமாக்கியதும் மறுபடி இறங்கியது. வைத்தும் எடுத்தும் பார்த்த இப்படிப்பட்ட சான்று நம் துறையில் அரிது. உங்கள் முதல் சந்தேகத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. சிக்னலைச் சீராக்கி ஒரு சாலையில் ஐந்து நிமிடம் மிச்சப்படுத்தினால், இதுவரை வேறு வழியிலோ வேறு நேரத்திலோ போனவர்கள் அந்தச் சாலைக்கு வருவார்கள். மிச்சமான நேரம் முழுக்கக் கரைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், எவ்வளவு கரையும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அமைப்பு வைத்த இரண்டாவது வாரத்தில் அளந்துவிட்டு முடிவை அறிவிப்பவர்கள் அதைப் பார்க்கவே முடியாது. ஒரு வருடம் கழித்து மறுபடி அளந்த கட்டுரை என்றால் நான் இரண்டு முறை படிப்பேன்.

பாதுகாப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீங்கள் கணினித் துறை என்பதால். 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு சாலைத்துறையின் அனுமதியோடு கம்பியில்லா இணைப்பில் இருந்த கிட்டத்தட்ட 100 சிக்னல்களை ஆராய்ந்தார்கள். இணைப்பில் மறையாக்கம் இல்லை, கடவுச்சொற்கள் தயாரிப்பாளர் வைத்தபடியே இருந்தன. அவர்களால் விளக்கை மாற்ற முடிந்தது, ஆனால் குறுக்கும் நெடுக்கும் ஒரே நேரத்தில் பச்சை கொடுக்க முடியவில்லை. பெட்டிக்குள் தனியாக இருக்கும் முரண் கண்காணிப்புக் கருவி அதை விடாது. தப்பான சேர்க்கை வந்த கணமே எல்லாவற்றையும் மினுக்கும் சிவப்பில் போட்டுவிடும். எந்தக் கற்றல் முறையை வைத்தாலும் அந்தக் கருவிக்கு மேலே கை வைக்க அதற்கு அனுமதி இருக்கக் கூடாது.

தலைப்பு என்று கேட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழுதான உணரியைக் கண்டுபிடிப்பதை எடுப்பேன். நன்றாக இருக்கும் லூப்பும், அறுந்த லூப்பும், பாதி செத்த லூப்பும் கொடுக்கும் பதிவுகள் எப்படி வேறுபடும், அக்கம்பக்கத்து உணரிகளை வைத்து அதை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கலாம், பிடிக்கும் வரை சிக்னல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது கற்றல் முறைகளுக்கு ஏற்ற கேள்வி, விடை கிடைத்தால் மறுநாளே பயன்படும். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் உள்ள சந்திப்புக்கு ஒரு நண்பரோடு போய், ஒரே தடத்தில் 30 சுற்றுக்கு, நான்காவது வண்டி கோட்டைத் தாண்டும் நேரத்தையும் பத்தாவது வண்டி தாண்டும் நேரத்தையும் குறியுங்கள். வித்தியாசத்தை ஆறால் வகுங்கள். கிடைக்கும் சராசரி இடைவெளியைச் சுமோவில் அதே சந்திப்பைப் போட்டு வரும் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.